பையைத் தூக்கிப் போடாதீங்க: ஆஸ்பத்திரியில் தப்பு நடந்தால்

பெரிய வியாதி என்றால் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுகிற ஊர்க்காரி நான். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் நர்ஸ்; கடைசி ஒன்பது வருஷம் தப்புகளை விசாரிக்கிற குவாலிட்டி பிரிவில். கேளுங்க.

பாறசாலையிலிருந்து: அக்கா, ஆள் மாறி ரத்தம் ஏத்திட்டா முதல்ல என்ன செய்வாங்க?

உடனே நிறுத்தணும். ஊசி கையிலேயே இருக்கட்டும், டியூபை மாற்றி சலைன் விடணும். பையும் டியூபும், புதிதாக எடுத்த ரத்தமும் பிளட் பேங்க் போகணும். எங்கள் வார்டில் ஒரு தடவை நடந்தது. கொஞ்சம் ஏறியதுமே அந்த அம்மாவுக்கு நடுக்கம். நர்ஸ் பிள்ளை ரத்தத்தை நிறுத்திவிட்டாள், ஆனால் பயத்தில் பையைக் கழிவு போடுகிற மஞ்சள் பக்கெட்டில் போட்டுவிட்டாள். கிளவுஸ் மாட்டி நான்தான் தோண்டி எடுத்தேன். பையில் இருந்த பெயர் சரி, ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) வேறு. அடுத்தடுத்த கட்டிலில் ஒரே பெயரில் இரண்டு அம்மாமார்! பை போயிருந்தால் இது தெரிந்தே இருக்காது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

கொல்லங்கோடு: அந்த நர்ஸை வேலையை விட்டு எடுத்தாங்களா?

எடுக்கச் சொல்லி மேலே இருந்து நெருக்கினார்கள். நான் சண்டை போட்டேன். அன்றைக்கு நைட்டில் முப்பது பேருக்கு இரண்டே நர்ஸ். கையில் கட்டுகிற பேண்டில் நம்பர் எறும்பு எழுத்து. அவளை அனுப்பினால் பேண்ட் மாறுமா? அடுத்தவள் தப்பை மறைக்கத்தான் பழகுவாள்.

2004-ல் அமெரிக்காவில், சியாட்டில் நகர வர்ஜீனியா மேசன் ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே சாயத்துக்குப் பதிலாக தோலைச் சுத்தம் செய்கிற மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றி ஒரு பெண்மணி இறந்துபோனார். நிறமில்லாத திரவங்கள், பெயர் ஒட்டாத கிண்ணங்கள். ஆஸ்பத்திரியே ஊரறியச் சொல்லி, வேலை செய்கிற முறையை மாற்றியது. நம்ம பக்கம் அப்படி ஒரு அறிக்கையை நான் கண்டதில்லை.

மார்த்தாண்டம்: அம்மாவோட கேஸ் ஷீட் கேட்டா நாளைக்கு நாளைக்குங்கிறாங்க.

வாயால் கேட்காதீங்க. எழுதிக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்க. 2002 மெடிக்கல் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தரணும். வந்ததும் திருத்தங்களைப் பாருங்க: ஒற்றைக் கோடு அடித்துக் கையெழுத்து இருந்தால் நேர்மை, வெள்ளை மை பூசியிருந்தால் கேள்வி கேளுங்க.

குழித்துறை: வைத்தியம் கேரளாவுல. கேஸ் போடவும் அங்கேதான் அலையணுமா?

வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்க குடியிருக்கிற இடத்திலேயே போடலாம், உங்களுக்கு நாகர்கோவில். இரண்டு வருஷத்துக்குள் போடணும். எல்லோருக்கும் இலவசமான அரசு ஆஸ்பத்திரி என்றால் இந்தச் சட்டத்தில் வராது.

படந்தாலுமூடு: டாக்டர் மன்னிப்பு கேட்டா மாட்டிக்குவாரா?

வக்கீல்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள். இங்கிலாந்தில் 2014 முதல், நடந்ததைச் சொல்லி மன்னிப்பு கேட்பது ஆஸ்பத்திரியின் சட்டக் கடமை. நான் பார்த்த குடும்பங்களில் பலர் முதலில் கேட்டது பணமில்லை. "யாராவது வந்து உட்கார்ந்து சொல்லுங்களேன்" என்பார்கள்.

ஊரம்பு: சம்மதப் பத்திரம் மலையாளத்துல இருக்கு. பேசுவோம், வாசிக்கத் தெரியாது.

வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க மக்கா. தமிழில் சொல்லச் சொல்லுங்க. யார் சொன்னார், எத்தனை மணிக்கு என்று உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் தமிழிலேயே எழுதிவிடுங்க. பைஸ்டாண்டராக, அதாவது நோயாளிக்குத் துணையாகப் போகிறவரும் பக்கத்தில் நிற்கட்டும்.