பனிநாட்டில் தேனீக்கள் குளிரைத் தாண்டிவிடுகின்றன. மட்டக்களப்பில் மாரிக்கு ஏன் பெட்டியை விட்டுப் போகின்றன?

குளிர் தாங்காமல் போகின்றன என்று நினைத்து, பெட்டியைப் பொலித்தீனால் சுற்றலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். சுற்ற வேண்டாம்.

கனடா, ஐரோப்பாப் பக்கம் வளர்ப்பது மேற்குத் தேனீ. வெளியே 14 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அவை வதைகளுக்கு (தேனடைகளுக்கு) இடையே ஒன்றோடொன்று நெருங்கித் திரளும். சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் நடுக்கிச் சூடு உண்டாக்கும். கூட்டில் தேனீக் குஞ்சுப் புழு இருந்தால் திரளின் நடுவில் 34, 35 பாகை. இதற்கு எரிபொருள் தேன்தான். கடும் பனி உள்ள இடங்களில் ஒரு கூட்டுக்கு 30, 40 கிலோகூட வேண்டும். அங்கேயும் கூடுகள் அழியப் பட்டினியும் ஈரமும் முக்கிய காரணங்கள். மூச்சில் வரும் நீராவி மூடியில் குளிர்ந்து ஈக்களின் மேல் சொட்டும். அதனால்தான் மேலே காற்றுப்போக விடுகிறார்கள்.

எங்களுடைய மாரியில் 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. மழை விடாமல் பெய்தால் ஈ வெளியே போகாது, தென்னம்பூவின் மகரந்தமும் நனைந்துவிடும். மகரந்தம் வராவிட்டால் இராணி முட்டையைக் குறைக்கும். நாங்கள் வளர்க்கும் நாட்டுத் தேனீ சேர்த்து வைப்பதும் கொஞ்சம். தீர்ந்தால் இருந்து சாகாது, கூட்டத்தோடு கிளம்பிவிடும்.

ஆகவே ஐப்பசிக்குப் பிறகு தேன் எடுக்காதீர்கள். ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, ஒரு கிலோ வெள்ளைச் சீனியைக் கரைத்து ஆறவிடுங்கள். வெல்லச் சர்க்கரை, கருப்பட்டி கூடாது, வயிற்றோட்டம் வரும். மாலை மங்கியபின் 200 மில்லிலீற்றர் அளவு, பெட்டிக்குள்ளேயே, ஈ மூழ்காமல் ஈர்க்குத் துண்டுகள் போட்டு வையுங்கள். பகலில் வைத்தால் அடுத்த கூட்டு ஈக்கள் கொள்ளைக்கு வரும்.

ஈ மூடாத வெற்று வதைகளை வெட்டி எடுத்துவிடுங்கள், மெழுகுப் பூச்சி அங்கேதான் முட்டையிடும். நாட்டுத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. ஆகவே பெட்டி வெடிப்புகளை நீங்கள்தான் மெழுகால் அடைக்க வேண்டும். வாசல் வாடைக்காற்றைப் பார்க்காமல், முன்பக்கம் சற்றுச் சரிவாக இருக்கட்டும். மேலே தகரம், கால்களுக்குக் கழிவு ஒயில் ஊற்றிய சிரட்டை. மழைநீர் நிரம்பி ஒயில் வழிந்துவிட்டால் எறும்பும் முசுறும் ஏறும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்துப் பள்ளக் காணி என்றால் வெள்ள மட்டத்துக்கு மேலே கால்களை உயர்த்துங்கள்.

வெயில் திரும்பி, கால்களில் மகரந்தத்தோடு ஈக்கள் வரத் தொடங்கினால் சீனிப்பாகு வைப்பதை நிறுத்துங்கள். அதற்குப் பிறகுதான் தேன் சேரும் மேல்தட்டைப் பூட்ட வேண்டும், இல்லையென்றால் சீனிப்பாகும் தேனோடு சேர்ந்துவிடும்.