டிட்காட்டில் டிக்கெட்டை உடைக்கலாமா?

கேள்வி: நாங்கள் லண்டன் குரோய்டனில் வசிக்கிறோம். மகள் பிரிஸ்டலில் படிக்கிறாள். மாதம் ஒருமுறையாவது நானும் மனைவியும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை காலையில். “லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து பிரிஸ்டலுக்கு ஒரே டிக்கெட் எடுக்காதீர்கள். வழியில் இருக்கும் டிட்காட் வரைக்கும் ஒன்று, அங்கிருந்து பிரிஸ்டலுக்கு ஒன்று எடுங்கள், நிறைய மிச்சமாகும்” என்கிறார் கூட வேலை செய்பவர். இது கள்ளத்தனம், பிடிபட்டால் வழக்குத்தான் என்கிறார் மச்சான். எது சரி? ரயில் தாமதமானால் இழப்பீடு கிடைக்குமா? எங்களோடு இருக்கும் அம்மாவிடம் ஃப்ரீடம் பாஸ் (லண்டனில் முதியோருக்கான இலவசப் பயணப் பாஸ்) உண்டு. பிரைட்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அவர் போகும்போது அதையும் இப்படிச் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: மச்சானைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே பயணத்துக்கு இரண்டு, மூன்று டிக்கெட்டைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று பிரிட்டிஷ் ரயில் நிறுவனங்களின் பொது விதிகளே சொல்கின்றன. நேஷனல் ரெயில் பயண நிபந்தனைகளில் 14ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: ஒரு டிக்கெட் முடிந்து அடுத்தது தொடங்கும் நிலையத்தில் நீங்கள் போகும் ரயில் நிற்க வேண்டும். நீங்கள் இறங்க வேண்டியதில்லை, இருக்கையை விட்டு எழவும் வேண்டியதில்லை. கால அட்டவணைப்படி ரயில் அங்கே நின்றால் போதும்.

இடறுவதும் இதில்தான். பாடிங்டனிலிருந்து பிரிஸ்டல் போகும் எல்லா ரயிலும் டிட்காட்டில் நிற்பதில்லை. சில ரயில்கள் ரெடிங்கைத் தாண்டினால் நேராக ஸ்விண்டன்தான். அப்படி ஒன்றில் ஏறிவிட்டால் கையில் இரண்டு டிக்கெட் இருந்தும் அவை செல்லாது, பரிசோதகர் புது டிக்கெட் எடுக்கச் சொல்லலாம். வாங்குவதற்கு முன் அந்த ரயில் நிற்கும் நிலையங்களின் பட்டியலை விரித்துப் பாருங்கள். பிளாட்பாரத்தில் நிற்கும்போது “முந்தின ரயில் இன்னும் போகவில்லை” என்று ஓடி ஏறும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

மச்சான் சொல்வது பொருந்துகிற ஒரு விஷயமும் உண்டு. முதல் சில மைலுக்கு ஒரு டிக்கெட், கடைசிச் சில மைலுக்கு ஒரு டிக்கெட் எடுத்து, நடுவில் உள்ள தூரத்துக்கு ஒன்றுமே எடுக்காமல் இரண்டு கேட்டையும் கடந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மோசடியேதான். 1889ஆம் ஆண்டு ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டத்தில் இன்றும் வழக்குப் போடுகிறார்கள். விசா, குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு தண்டனைப் பதிவு வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் டிக்கெட்டுகள் புறப்படும் இடத்திலிருந்து போய்ச்சேரும் இடம் வரை இடைவெளி இல்லாமல் தொடர்ந்தால் பயம் வேண்டாம்.

சரி, உடைத்தால் ஏன் குறைகிறது? தூரம் கூடக் கூடக் கட்டணம் சீராக ஏறும் என்று நினைக்கிறோம். இங்கே அப்படி இல்லை. லண்டனைச் சுற்றி வேலைக்குப் போய்வருகிறவர்களின் கட்டணங்களில் பெரும்பகுதியை எவ்வளவு ஏற்றலாம் என்று அரசு கட்டுப்படுத்துகிறது. நெடுந்தூர ரயில்களில் எந்த நேரமும் செல்லும் எனிடைம் டிக்கெட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. காலை நேரத்தில் அலுவலகக் கணக்கில் பயணிப்பவர் எவ்வளவு என்றாலும் கொடுப்பார் என்ற எண்ணத்தில் அதை வருடக்கணக்காக ஏற்றிவிட்டார்கள். டிட்காட் வரை உள்ள துண்டு கட்டுப்பாடு உள்ள வகை, பாடிங்டன்–பிரிஸ்டல் முழு டிக்கெட் கட்டுப்பாடு இல்லாத வகை. இதனால்தான் டிட்காட் இந்த விஷயத்தில் இவ்வளவு பேர் வாங்கியது. காலை நெரிசல் நேரத்தில் வித்தியாசம் பெரிது. மதியத்திலும் சனி ஞாயிறிலும் ஆஃப்-பீக் (நெரிசல் இல்லாத நேர) டிக்கெட் கிடைப்பதால் உடைப்பதில் வரும் லாபம் சுருங்கிவிடும், சில நாள் ஒன்றுமே இருக்காது.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் கேட்பது, வெள்ளிக்கிழமை காலையில்தான் போக வேண்டுமா என்பது. நீங்கள் இருவரும் எப்போதும் சேர்ந்தே போகிறீர்கள். அதற்கென்றே டூ டுகெதர் ரயில் கார்டு இருக்கிறது. வருடத்துக்கு 35 பவுண்ட், இரண்டு பேர் டிக்கெட்டிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். இருவருக்குமாக வருடத்தில் 105 பவுண்டுக்கு மேல் டிக்கெட் வாங்கினாலே போட்ட காசு திரும்பிவிடும். மாதம் ஒருமுறை பிரிஸ்டல் போகிறவர்களுக்கு அது சில பயணத்திலேயே முடிந்துவிடும். ஆனால் வார நாளில் காலை 9:30க்கு முன் அந்தக் கார்டு செல்லாது. மாதம் ஒருமுறை போகிறவர் கார்டு எடுக்காமல் டிக்கெட்டை உடைப்பதில் மட்டும் மூளையைச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பயணத்தை 9:30க்குப் பிறகோ சனிக்கிழமைக்கோ தள்ளுங்கள், கார்டை எடுங்கள், அதன்பிறகு உடைத்தால் இன்னும் குறைகிறதா என்று பாருங்கள். இரண்டையும் சேர்த்தே அனுபவிக்கலாம், தடை இல்லை.

நேரத்தைத் தள்ளவே முடியாதென்றால் ஒரு வழி இருக்கிறது. பாடிங்டனிலிருந்து 9 மணியளவில் கிளம்பி 9:40 வாக்கில் டிட்காட்டில் நிற்கும் ரயில் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் டிக்கெட்டுக்குக் கார்டு செல்லாது. இரண்டாவது டிக்கெட்டின் பயணம் டிட்காட்டில் 9:30க்குப் பிறகுதான் தொடங்குகிறது, அதனால் அதற்குத் தள்ளுபடி உண்டு. ஆஃப்-பீக் நேரக் கட்டுப்பாடும் இதேபோல ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனித்தனியாகத்தான் பார்க்கப்படும். ரயில் ஒன்றாக இருந்தாலும் விதி டிக்கெட்டோடு போகிறது.

குரோய்டனில் இருப்பவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று. ஈஸ்ட் குரோய்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு லண்டன் வழியாக ஒரே டிக்கெட் எடுத்தால், நடுவில் பாடிங்டன் போகும் டியூப் (சுரங்க ரயில்) பயணமும் அதிலேயே அடங்கும். டிக்கெட்டில் சிறு சிலுவைக் குறி இருக்கும், பாருங்கள். லண்டனில் உடைத்தால் டியூபுக்குத் தனிக்காசு. வங்கி அட்டையைத் தட்டிப் போகும் கட்டணத்தில் டூ டுகெதர் தள்ளுபடியும் கிடையாது. ஆகவே பாடிங்டன் டிக்கெட்டை மட்டும் ஒப்பிட்டுவிட்டு லாபம் என்று சொல்லாதீர்கள், வீட்டிலிருந்து கணக்குப் போடுங்கள்.

குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் முன்கூட்டியே எடுக்கும் அட்வான்ஸ் டிக்கெட்டாக உடைத்து வாங்கினால் இரண்டிலும் குறிப்பிட்ட ரயில் ஒன்றேதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கை எண் மாறியிருக்கலாம், டிட்காட்டில் பெட்டி மாற வேண்டி வரலாம். மனம் மாறிப் பயணத் தேதியை மாற்றினால், மாற்றுக் கட்டணம் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனித்தனியாக விழலாம். நான்கைந்து துண்டாக உடைத்து வாங்குகிறவர்கள் அங்கேதான் மிச்சம் பிடித்ததை விடுகிறார்கள். எனக்குக் கேட்டால் இரண்டு துண்டு, மிஞ்சினால் மூன்று. உடைத்துக் கொடுக்கும் செயலிகள் மிச்சத்தில் ஒரு பங்கைத் தங்களுக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். எங்கே உடைப்பது என்பதை அதில் பார்த்துவிட்டு, அதே டிக்கெட்டுகளை ரயில் நிறுவனத்தின் தளத்திலேயே வாங்கலாம். பிரிஸ்டல் கேட்டில் இரண்டாவது டிக்கெட்டைப் போடுங்கள். முதல் டிக்கெட்டைப் போட்டால் சிவப்பு விளக்கு எரியும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

தாமதம் பற்றி: டிக்கெட் இரண்டானாலும் பயணம் ஒன்றுதான். பிரிஸ்டலுக்கு எத்தனை நிமிடம் தாமதமாகப் போய்ச்சேர்ந்தீர்கள் என்பதுதான் கணக்கு. பெரும்பாலான நிறுவனங்களில் 15 நிமிடத்துக்கு டிக்கெட் விலையில் கால் பங்கு, 30 நிமிடத்துக்குப் பாதி, ஒரு மணி நேரத்துக்கு அந்த வழிக்கான முழுத்தொகையும் டிலே ரிப்பே என்ற தாமத இழப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கும். இந்த ‘விலை’ இரண்டு டிக்கெட்டின் கூட்டுத்தொகை. கோரிக்கைப் படிவத்தில் ஒரு டிக்கெட்டுக்குத்தான் இடம் இருக்கிறது என்று ஒன்றை மட்டும் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் படம் எடுத்து இணைத்து, ஒரே பயணம் என்று ஒரு வரி எழுதுங்கள். 28 நாளுக்குள் கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு இதைவிடச் சுலபம். ஃப்ரீடம் பாஸ், சீசன் டிக்கெட் போன்றவற்றோடு இன்னொரு டிக்கெட்டைச் சேர்க்கும்போது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ரயில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. அவருடைய பாஸ் லண்டன் கட்டண மண்டலங்களில் 6ஆவதன் எல்லை வரை செல்லும். அந்த எல்லையிலிருந்து பிரைட்டனுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். ஈஸ்ட் குரோய்டனில் கிளம்பும் விரைவு ரயில் அந்த எல்லைக்குள் கடைசி நிலையமான கூல்ஸ்டன் சவுத்தில் நிற்காமல் போனாலும் பரவாயில்லை. வார நாளில் ரயிலுக்கு அந்தப் பாஸ் காலை 9:30க்குப் பிறகுதான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த டிக்கெட்டை இணையத்தில் தேடினால் பல இடத்தில் வராது. ஈஸ்ட் குரோய்டன் டிக்கெட் கவுண்டரில் பாஸைக் காட்டி, “பவுண்டரி ஸோன் சிக்ஸ் டு பிரைட்டன்” என்று கேட்கச் சொல்லுங்கள், கொடுப்பார்கள்.