ஊழியர் நிறுவனப் பொருளைத் திருடிவிட்டால் சட்டப்படி என்ன செய்யலாம்?

ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர் பல மாதங்களாகப் பொருட்களை வெளியே கொண்டுபோய் விற்றிருக்கிறார், போலீசுக்குப் போவதா, சம்பளத்தில் பிடிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுவனங்களின் நிர்வாகப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: சம்பளத்தில் கை வைக்காதீர்கள். கோபத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கையே, நாட்டின் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ அனுமதிக்கும் அளவுக்குத்தான் பிடித்தம் செய்யலாம் என்கிறது. பல நாடுகளின் சட்டமும் இதையொட்டியே இருக்கிறது. நீங்களாகப் பிடித்தால், திருடியவர் வாதியாகி உங்களைக் கூண்டில் ஏற்றிவிடுவார்.

அறைக்குள் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, ஒப்புதல் கடிதம் எழுதி வாங்குவதும் வேண்டாம். கட்டாயப்படுத்தி வாங்கிய கடிதம் நீதிமன்றத்தில் நிற்காது. அடைத்துவைத்ததற்காக உங்கள் மேலேயே புகார் வரலாம். ‘பணத்தைக் கட்டு, இல்லாவிட்டால் போலீஸ்’ என்று மிரட்டினால் பல நாடுகளில் அதுவும் குற்றமாகலாம். பொருளையோ அதன் மதிப்பையோ கேட்பதாக இருந்தால் வக்கீல் நோட்டீஸ் மூலம் கேளுங்கள்.

சரி, செய்யக்கூடியது என்ன? காவல்துறையில் புகார், இழப்பை மீட்க சிவில் வழக்கு, உள்விசாரணை நடத்தி வேலைநீக்கம். பெரும்பாலும் மூன்றையும் சேர்த்தே நடத்தலாம், ஏனென்றால் மூன்றுக்கும் நிரூபிக்க வேண்டிய அளவு வேறு. கிரிமினல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் எந்தப் பக்கம் நம்பத் தகுந்தது என்று பார்ப்பார்கள். உள்விசாரணைக்கு நேர்மையான விசாரணையும் நியாயமான காரணமும் இருந்தால் பொதுவாகப் போதும். ஆனால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, அவர் பதிலைக் கேட்டாக வேண்டும். வேலைநீக்கம் பற்றிய அதே சர்வதேச அமைப்பின் 1982ஆம் ஆண்டு 158ஆம் எண் உடன்படிக்கையும், தன் பக்கத்தைச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்து வைக்கலாம். போலீஸ் புகார் ஒருமுறை பதிவானால் வழக்கு அரசின் கைக்குப் போய்விடும். சமரசம் ஆகிவிட்டது என்று நீங்களாகத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். இதை யோசித்துவிட்டுப் போங்கள்.

புகாரில் ‘திருட்டு’ என்று மட்டும் எழுதாதீர்கள். 1799இல் இங்கிலாந்தில் பேஸ்லி என்ற வங்கிக் காசாளர், வாடிக்கையாளர் கட்டிய பணத்திலிருந்து நூறு பவுண்டு நோட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பணம் வங்கியின் கைக்கு வந்து சேரும் முன்பே எடுத்துவிட்டதால் அது திருட்டு ஆகாது என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். அதே ஆண்டு நாடாளுமன்றம் கையாடலுக்குத் தனிச் சட்டம் போட்டது. ஒப்படைக்கப்பட்ட பொருளை எடுப்பது வேறு, மற்றவர் வசமிருக்கும் பொருளை எடுப்பது வேறு என்ற பிரிவு இன்றும் பல சட்டங்களில் தொடர்கிறது. உங்கள் ஆள் ஸ்டோர் பொறுப்பாளர். அதனால் அவரிடம் பொருள் ஒப்படைக்கப்பட்டதைக் காட்டும் நியமனக் கடிதத்தையும் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட பட்டியலையும் புகாரோடு வையுங்கள்.

வழக்கு நிற்பதும் விழுவதும் இந்தத் தாள்களில்தான். ஒரு வழக்கில் லேப்டாப் வேறொருவரிடம் கிடைத்தே விட்டது. கேட் பதிவேட்டில் ‘லேப்டாப் 1, பை 1’ என்று மட்டும் இருந்தது. வரிசை எண் இல்லை. அது தங்களுடையது என்று நிறுவனத்தால் காட்டவே முடியவில்லை. அதனால் இன்றே சிசிடிவி பதிவை நகலெடுத்து வையுங்கள், நாளானால் கேமரா பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். ஸ்டாக் ரிஜிஸ்டர், பில், கேட் பாஸ் எல்லாவற்றின் மூலப் பிரதிகளையும் பூட்டி வையுங்கள். அவர் பயன்படுத்திய கணினியை யாரும் திறந்து நோண்ட வேண்டாம்.

வாங்கியவரையும் விடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது குற்றம். தெரியாமல் வாங்கியிருந்தாலும் பல நாடுகளில் பொருள் உரிமையாளருக்குத்தான் சேரும். ஊழியர் மோசடிக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் தகவல் கொடுத்துவிடுங்கள். தாமதத்தைக் காட்டியே கிளெய்மை மறுத்துவிடுவார்கள்.