எலுமிச்சம்பழத்தில் விளக்கு எரியுமா? கேள்வி பதில்

காட்பாடியிலிருந்து ஓர் அம்மா: மகள் ஏழாம் வகுப்பு. நான்கு எலுமிச்சம்பழம் கோத்தும் டார்ச் பல்பு எரியவில்லை. பழம் சரியில்லையா?

பழம் நல்ல பழம்தாம்மா. டார்ச் பல்புக்கு 200, 300 மில்லி ஆம்பியர் வேண்டும். பழம் தருவது ஒன்றுக்கும் கீழே. சிவப்பு எல்.இ.டி. வாங்குங்கள். அதற்கு 1.8 வோல்ட், பழத்துக்குச் சுமார் 0.9. கணக்குப்படி இரண்டு பழம் போதும், ஆனால் எல்.இ.டி.யை மாட்டியதும் வோல்ட் இறங்கிவிடும், அதனால்தான் நான்கு. ஒரு பழத்தின் செம்புக் கம்பியை அடுத்த பழத்தின் ஜி.ஐ. ஆணியோடு (துத்தநாகம் பூசிய இரும்பு ஆணி) சேர்த்துக்கொண்டே போங்கள். கடைசியில் மிஞ்சும் செம்பில் எல்.இ.டி.யின் நீளமான கால், மிஞ்சும் ஆணியில் குட்டைக் கால். குத்துவதற்கு முன் பழத்தை உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் சாறு விடும். முடிந்ததும் அந்தப் பழத்தைச் சாப்பிடக் கூடாது, துத்தநாகம் கரைந்திருக்கும்.

ராணிப்பேட்டை: எல்.இ.டி.தான் போட்டேன், எரியவில்லை.

எல்.இ.டி.யின் இரண்டு கால்களையும் இடம் மாற்றிப் போடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பாருங்கள்.

ஆற்காடு: எங்களுக்கும் எரியவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி.

அது ஆகாது. ஜி.ஐ. ஆணி என்று மேலேயே சொல்லியிருக்கிறேன்.

குடியாத்தம், பிளஸ் ஒன் மாணவர்: சார், மின்சாரம் பழத்தில் இருக்கிறதா, ஆணியில் இருக்கிறதா?

நல்ல கேள்வி தம்பி. ஒரே பழத்தில் இரண்டு செம்புக் கம்பி குத்தி மல்டிமீட்டர் (மின்சாரம் அளக்கும் கருவி) வைத்துப் பார். ஒன்றும் காட்டாது. ஒன்றை எடுத்துவிட்டு ஆணியைக் குத்து, முள் ஏறும். எலக்ட்ரானைக் கொடுப்பது ஆணிமேல் பூசிய துத்தநாகம். அது கரையக் கரையத்தான் கரண்ட். மறுநாள் ஆணியைப் பிடுங்கினால் உள்ளே இருந்த பகுதி மட்டும் பளபளப்புப் போய்ச் சொரசொரவென்று இருக்கும். 1800இல் வோல்டா செய்த அடுக்கில் பழமே கிடையாது; உலோகத் தகடுகளுக்கு நடுவே உப்புநீரில் நனைத்த துணிதான்.

அதே மாணவர்: அப்படியென்றால் பழத்துக்குப் பதில் உருளைக்கிழங்கை வேகவைத்துக் குத்தினால் ஏன் கரண்ட் கூடுதலாக வருகிறது? பழத்துக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது, நான் பாதிதான் சொன்னேன். செம்புப் பக்கம் வரும் எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது புளிப்பில் உள்ள ஹைட்ரஜன் அயனி, அதாவது மின்னேற்றம் உள்ள ஹைட்ரஜன் அணு. அயனி நகர வழியும் வேண்டும். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தார் 2010இல் கிழங்கை எட்டு நிமிடம் வேகவைத்துக் காட்டியது இதைத்தான்: உள்ளே தடை குறைந்தது, திறன் பல மடங்கு கூடியது. நீயே செய்து பார். வேகாதது ஒன்று, வெந்தது ஒன்று, இரண்டிலும் மில்லி ஆம்பியரை எழுதி வை.

வாணியம்பாடி: கோடையில் எலுமிச்சை விலை தாங்கவில்லை.

புளிக்கரைசல் போதும். கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள், ஸ்டீல் டம்ளர் வேண்டாம்.

ஆம்பூர்: கரண்ட் போதாவிட்டால் சுவர் பிளக்கில் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. அது 230 வோல்ட், உயிர் போய்விடும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

சத்துவாச்சாரி: மாடியில் சோலார் போட என்ன செலவாகும்?

அது என் துறை இல்லை, மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆரணி: செய்து முடித்த பழங்களை ஊறுகாய் போடலாமா?

வேண்டாம். குப்பையில் போடுங்கள்.