வால்டர் டல் பற்றி ஆய்வேடு எழுதப்போகும் மாணவருக்கு

தம்பி, விளையாட்டு வரலாற்றாய்வில் வேலைக்குப் போக ஆசை, முதல் ஆய்வேடு வால்டர் டல் பற்றி என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் உலகப் போரில் அதிகாரியாக மடிந்த இங்கிலாந்தின் கறுப்பினக் கால்பந்து ஆட்டக்காரர்; எடுத்த ஆள் சரி. அவருடைய வீரத்தை விட்டுவிட்டு, அவர் பெயர் பதிவான தாள்களிலிருந்து தொடங்குங்கள்.

1888-இல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில் பிறந்து அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். ஆடிய அணிகள்: 1909-இல் டாட்டன்ஹாம், 1911-இல் நார்தாம்ப்டன் டவுன். இந்தப் பகுதிக்கு அக்காலச் செய்தித்தாள்களே போதும்.

சிக்கல் பட்டாளத்தில்தான். 1914 டிசம்பரில் அவர் சேர்ந்தது மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டின் 17-ஆவது பட்டாலியன். 'கால்பந்து பட்டாலியன்' என்று பெயர் பெற்றது அது. ஆனால் 1918 மார்ச் 25-இல் இறந்தபோது 23-ஆவது பட்டாலியனில் செகண்ட் லெப்டினன்ட். 17-ஆவதின் போர் நாட்குறிப்பில் (படைப்பிரிவு அன்றாடம் எழுதிவைத்த பதிவு) அந்த நாளைத் தேடினால் அவர் அகப்படமாட்டார். 23-ஆவது இடையில் இத்தாலிக்குப் போய்வந்தது. அந்த மாதங்களின் நாட்குறிப்பு வேறொரு தாள்கட்டில் இருக்கும்.

முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் தேதியையும் பிரிவையும் உறுதி செய்யுங்கள், காசு கிடையாது. அவர் பெயர் பிரான்சில், காணாமற்போன வீரர்களுக்கான அராஸ் நினைவுச்சின்னத்தில் இருக்கிறது. அதாவது, அடையாளம் தெரிந்த கல்லறை இல்லை. அடுத்து லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம். நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 95 வரிசை, அதிகாரிகளின் கோப்புகள் டபிள்யூ.ஓ. 339. கோப்பு நகல் கேட்டால், பக்கங்களை எண்ணிப் பார்ப்பதற்கே முதலில் ஒரு கட்டணம் உண்டு, நகலுக்குத் தனி. கல்லூரி நிதி வாங்கும்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். சிப்பாய்களின் தாள்களில் பெரும்பகுதி 1940 குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. சிப்பாயாகவே மடிந்த ஆட்டக்காரரை எடுத்திருந்தால் வெறுங்கையோடு நின்றிருப்பீர்கள்.

'பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரி' என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அப்படியே எடுத்துப் போடாதீர்கள். டல் அதிகாரியானது 1917 மே. ஜார்ஜ் பெமாண்ட் என்ற இன்னொரு கறுப்பினத்தவர் 1915-லேயே ஆகிவிட்டார். ராணுவச் சிலுவை என்ற வீரப் பதக்கத்துக்கு டல் பரிந்துரைக்கப்பட்டார் என்பதும் அப்படித்தான், பரிந்துரைத் தாளைக் கண்டவர் இல்லை. தளபதி அவருடைய துணிவைப் பாராட்டியது மட்டும் எழுத்தில் உண்டு.

ஆகவே ஒரு நோட்டில் கோடு போட்டு மூன்று நெடுவரிசை பிரியுங்கள்: சொல்லப்படும் செய்தி, அதை முதலில் எழுதியவர், எழுதிய ஆண்டு. காப்பக வேலைக்கோ அருங்காட்சியக வேலைக்கோ நேர்காணலுக்குப் போனால், ஆய்வேட்டோடு அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.