கைக்கு ஏற்ற விசைப்பலகை: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

சோளகம் வீசத் தொடங்கிவிட்டது. ஏ9 வீதியோரத்தில் மேசையைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடியும் செம்மண் படிந்துவிடுகிறது. இந்த முறை வந்த கேள்விகளிலும் தூசி நிறையவே இருந்தது. ஆனால் புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஒரு கேள்விக்கு இரண்டு இரவுகள் இருந்து விடை தேடினேன். அதற்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

வவுனியாவில் பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறேன். முதன்முதலாக மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்கப் போகிறேன். சிவப்பு, நீலம், பழுப்பு என்கிறார்கள். எதை எடுப்பது? அறையில் நால்வர் இருக்கிறோம்.

நால்வர் உறங்கும் அறைக்கு நீலம் வேண்டாம், தங்கச்சி. மெக்கானிக்கல் பலகையில் ஒவ்வொரு விசையின் கீழும் தனித்தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும். இந்த நிறங்கள் செரி நிறுவனம் தன்னுடைய எம்.எக்ஸ். சுவிட்ச்சுகளுக்கு வைத்த அடையாளங்கள். நீலம் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 'டிக்' என்று கத்தும். பழுப்பு பாதி வழியில் சிறு மேடுபோல விரலில் தட்டும். சிவப்பு தடையில்லாமல் நேரே இறங்கும். செரியின் சிவப்பை அழுத்த ஏறத்தாழ 45 கிராம் பாரம் போதும். 2 மில்லிமீற்றர் இறங்கியதும் எழுத்துப் பதியும், முழு இறக்கம் 4 மில்லிமீற்றர். செரியின் காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், கெய்ல், அவுட்டமு போன்ற சீன நிறுவனங்களும் அதே அளவில் செய்கின்றன. ஆகவே பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

நிறத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சுவிட்ச்சை ஈயம் உருக்காமல் கையாலேயே கழற்றி மாற்றக்கூடிய பலகையாகப் பார்த்து வாங்குங்கள். அப்போது நிறம் பிடிக்காமல் போனாலும் சுவிட்ச்சுகளை மட்டும் மாற்றினால் போதும். மாற்றும்போது பலகையின் பின்பக்கத்தை ஒரு விரலால் தாங்கிப் பிடியுங்கள். நான் முதற் பலகையில் அப்படிச் செய்யவில்லை. மேலிருந்து அமுக்கிய வேகத்தில் அடியில் சுவிட்ச்சின் கால்களைப் பிடித்திருந்த சொக்கெற் செப்புத் தகட்டோடு பிய்ந்து வந்துவிட்டது. மயிரிழை போன்ற கம்பியை வைத்து அதை மீட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

சுவிட்ச்சில் ஐந்து கால்களும் பலகையில் மூன்று துளைகளும் இருந்தால் கலங்காதீர்கள். ஓரத்தில் இருக்கும் இரண்டு பிளாஸ்ரிக் கால்களையும் நகவெட்டியால் வெட்டிவிடலாம். வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுப்பதானால் 18 வீத வற் வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழும்புக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நாலைந்து பலகைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கிளிநொச்சியில் கடை வைத்திருக்கிறேன். ஒருமுறை அழுத்தினால் 'க' இரண்டு முறை விழுகிறது. பலகை பழுதா?

பலகையைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தச் சுவிட்ச்சைக் கழற்றி, நீங்கள் தொடாத ஏதாவது ஒரு விசையின் சுவிட்ச்சோடு இடம் மாற்றுங்கள். பழுது சுவிட்ச்சோடு கூடவே போனால் சுவிட்ச்சில்தான் குறை. பழைய இடத்திலேயே நின்றால் சொக்கெற்றையோ ஈயப் பற்றையோ பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் சுவிட்ச்சாகத்தான் இருக்கும். சென்ற வாரம் வீதியோரக் கடையொன்றிலிருந்து வந்த சுவிட்ச் ஒன்றைத் திறந்தேன். நான்கு கொழுவிகளை நெம்பினால் மேல்மூடி கழன்று வரும். உள்ளே ஒரு ஸ்பிரிங், இரண்டு சிறு கால்கள் கொண்ட தண்டு, ஓரத்தில் ஒரு மெல்லிய செப்பு இலை. அந்த இலை அசைந்து எதிரிலிருக்கும் தகட்டைத் தொடும்போதுதான் எழுத்துப் பதிகிறது. நான் திறந்ததில் தொழிற்சாலை பூசிய கிரீஸும் செம்மண் தூசியும் கலந்து, மருதாணி அரைத்ததுபோல இலையின் முனையில் அப்பியிருந்தது. தொடுகை சுத்தமாக இல்லாவிட்டால் இலை அதிர்ந்து அதிர்ந்து தொடும். கணினி அதை இரண்டு அழுத்தங்களாக எண்ணிவிடும்.

ஐசோபுரோப்பைல் அல்ககோலில் தோய்த்த மெல்லிய பிரஷால் இலையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். கியூ.எம்.கே. என்ற, விசைப்பலகைக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில் ஓடும் பலகையானால், அதிர்வை வடிகட்டும் நேரம் வழக்கமாக 5 மில்லிசெக்கனாக இருக்கும். அதை 10 ஆக்கினால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். ஆனாலும் துடைப்பதுதான் சரியான வைத்தியம். புதிதாக வாங்குவதானால் தண்டைச் சுற்றிப் பெட்டிபோலச் சுவர் எழுப்பிய சுவிட்ச்சுகளைத் தேடுங்கள். தூசி உள்ளே இறங்குவது குறையும். இரவில் ஒரு துணியால் மூடிவைக்கும் பழக்கம் இவை எல்லாவற்றையும்விட மலிவானது.

தமிழ் எழுத்துப் பொறித்த விசைமூடிகள் போட்டால் தமிழ் வருமா? எந்த அளவுப் பலகை நல்லது? (மல்லாவி, ஆசிரியர்)

மூடியால் எதுவும் மாறாது, ஐயா. விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை, எண்ணைத்தான் அனுப்புகிறது. ஆங்கில 'ஏ' விசையை அழுத்தினால் போவது 4 என்ற எண். அதை 'அ' ஆக்குவதா வேறெதுவும் ஆக்குவதா என்பதைக் கணினியிலுள்ள மென்பொருள் முடிவு செய்கிறது.

ஆகவே மூடி வாங்குவதற்கு முன் எந்த அமைப்பில், அதாவது எந்த விசையில் எந்த எழுத்து வரும் என்ற எந்த ஒழுங்கில், எழுதுகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். நம்மில் பலருக்குக் கை பழகியது பாமினி. அதில் ஆங்கில 'எம்' விசையில் 'அ', 'கே' விசையில் 'ம' வரும். பாமினி ஓர் எழுத்துரு மட்டுமே. ஆங்கில எழுத்துகளின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் உங்கள் வினாத்தாள் 'mk;kh' போன்ற புரியாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். தமிழ் எழுத்துகளுக்கே தனி எண் கொடுக்கும் யூனிகோடுக்கு மாறிவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். தட்டச்சு மரபிலேயே இருக்க விரும்பினால் ரெங்கநாதன் அமைப்பு இருக்கிறது. இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326 தரத்தில் இடம்பெற்றது அதுதான். புதிதாகப் படிப்பவருக்கு நான் தமிழ்99 ஐச் சொல்வேன். 1999 இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்தது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில்.

இந்த இடத்தில் பலகையின் அளவு முக்கியமாகிறது. பலகைகளின் அளவை முழுப் பலகையோடு ஒப்பிட்டு வீதத்தில் சொல்வார்கள். அழகுக்காக 40 வீதப் பலகை வாங்குகிறார்கள். அவற்றில் சதுர அடைப்புக்குறி விசைகள் இருப்பதில்லை. தமிழ்99 இல் அந்த இரண்டும் 'ச', 'ஞ'. 'ச' இல்லாமல் எத்தனை வரி எழுத முடியும்? 60 வீதப் பலகையில் எல்லா எழுத்தும் இருக்கும், அம்பு விசைகள்தான் இராது. திருத்தம் அதிகம் செய்யும் ஆசிரியருக்கு அம்புகளும் உள்ள 65 வீதம் நல்லது. மூடிகளைப் பொறுத்தவரை, எல்லா வரிசையும் ஒரே உயரத்தில் இருக்கும் எக்ஸ்.டி.ஏ. வடிவத்தை எடுத்தால் எதையும் எங்கும் மாற்றிப் போடலாம். பி.பி.டி. பிளாஸ்ரிக்கில் மை ஊறவைத்துப் பதித்த எழுத்து அழியாது. மற்றப்படி எழுத்தே இல்லாத வெற்று மூடிகளில் பழகினால் மூன்று கிழமைகளில் விரல் தானாகவே இடம் கண்டுகொள்ளும்.

2009 இல் இடது கையை இழந்தேன். கடிதங்கள், விண்ணப்பங்கள் தட்டச்சு செய்து கொடுத்துப் பிழைக்கிறேன். வலது கை மாலையில் மிகவும் வலிக்கிறது. ஒரு கைக்கு ஏற்றதாகப் பலகை அமைக்க முடியுமா? (புதுக்குடியிருப்பு)

முடியும், அண்ணா. அதற்குத் தனி இயந்திரம் எதுவும் வாங்கவேண்டியதில்லை.

கியூ.எம்.கே. ஒரு திறந்த மூல மென்பொருள். விசைப்பலகையின் உள்ளே இருக்கும் சிறு கணினிச் சில்லில் அது ஓடுகிறது. அதில் 'கை மாற்றம்' என்று ஒரு வசதி உண்டு. இடைவெளி விசையைத் தட்டிவிட்டால் வழக்கம்போல இடைவெளி விழும். பெருவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டால் பலகை கண்ணாடியில் பார்த்ததுபோல இடம்வலமாகத் திரும்பும். இடது பக்கத்து எழுத்துகள் எல்லாம் வலது கையின் கீழ் வந்துவிடும். கை ஒரே இடத்தில் இருக்கும். பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவதால்தான் உங்கள் கை நோகிறது என்று நினைக்கிறேன். அந்த ஓட்டம் நின்றுவிடும்.

இதைத் தமிழ்99 ஓடு சேர்த்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. பதினெட்டு மெய்களில் பதினாறு ஏற்கெனவே வலது கையில் இருக்கின்றன. 'வ', 'ங' இரண்டும்தான் இடது பக்கம். ஆகவே மெய்யை நேரே அழுத்துங்கள், உயிருக்கு இடைவெளி விசையைப் பிடியுங்கள். விதி ஏறக்குறைய அவ்வளவுதான். 'முல்லை' என்று எழுதிப் பாருங்கள். நடுவிரலால் 'ம'. பெருவிரலால் இடைவெளி விசையைப் பிடித்துக்கொண்டு அதே நடுவிரலால் அதே விசையை மறுபடி அழுத்தினால் 'உ'. 'மு' வந்துவிட்டது. பிறகு 'ல' இரண்டு முறை. தமிழ்99 முதல் 'ல'வுக்குத் தானே புள்ளி வைக்கும். கடைசியில் இடைவெளி விசையைப் பிடித்துக்கொண்டு 'ற' விசையை அழுத்தினால் 'ஐ'. ஐந்து அழுத்தங்கள், கை அசையவேயில்லை.

நான் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு இரண்டு இரவுகள் பழகிப் பார்த்தேன். முதல் இரவு எரிச்சலாக இருந்தது. இரண்டாம் இரவு ஒரு பக்கக் கடிதத்தைத் தடங்கலின்றி முடித்தேன்.

சில குறிப்புகள். இது ஆயத்தமாக வரும் வசதியல்ல. உங்கள் பலகைக்கான மென்பொருளில் இதைச் சேர்த்துத் தொகுத்து ஏற்ற வேண்டும். கியூ.எம்.கே. ஏற்கும் பலகையா என்று கேட்டு வாங்குங்கள். தட்டலையும் பிடித்தலையும் பிரிக்கும் நேரம் 200 மில்லிசெக்கன் என்று இருக்கும். உயிரெழுத்துக்குப் பதில் இடைவெளி விழுந்தால் அதைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். ஷிப்ட் விசையை ஒருமுறை தட்டினால் அடுத்த எழுத்துக்கு மட்டும் செயல்படும்படி வைக்கலாம். தமிழ்99 இல் கிரந்த எழுத்துகளுக்கு அது உதவும். ஒரு கை இரு கைகளின் வேலையைச் செய்வதால் சுவிட்ச் 45 கிராமுக்கு மேல் வேண்டாம், 35 கிராம் கிடைத்தால் இன்னும் நல்லது. பலகையை நேராக வைக்காமல், அதன் வலது பாதி உங்கள் நெஞ்சுக்கு நேரே வரும்படி இடது பக்கம் தள்ளி வையுங்கள். வலி இரவிலும் தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டத் தவறாதீர்கள்.

பலகை வாங்கிக்கொண்டு கிளிநொச்சிக்கு வாருங்கள். மென்பொருளை நான் ஏற்றித் தருகிறேன். அதற்குப் பணம் வாங்க மாட்டேன்.

எல்லாச் சுவிட்ச்சுக்கும் கிரீஸ் பூசத்தான் வேண்டுமா?

தேவையில்லை. இடைவெளி விசை, என்டர், ஷிப்ட் போன்ற நீளமான விசைகள் சாயாமல் தாங்கும் கம்பிகளான ஸ்டெபிலைசர்களுக்கு மட்டும் பூசிப் பாருங்கள். சத்தத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

முல்லைத்தீவில் கடற்கரைக்கு அருகில் வீடு. இடைவெளி விசையின் கீழுள்ள கம்பி துருப்பிடித்து இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகிவிடும். தையல் இயந்திர எண்ணெய் நீர்த்தது, வழிந்து சுவிட்ச்சுக்குள் போகும். கம்பியைக் கழற்றி, மெல்லிய உப்புத்தாளால் துருவை உரசி, துடைத்து, சிலிக்கன் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். உப்புக் காற்று படும் வீட்டில் இரும்புத் தகடுள்ள பலகை வாங்காதீர்கள். அலுமினியமோ பிளாஸ்ரிக்கோ நல்லது.

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறேன். சேர்க்கிட் பலகை இல்லாமல் கம்பியாலேயே கட்டலாமா?

கட்டாயம் கட்டுங்கள், தம்பி. விசைப்பலகை எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய இதைவிட நல்ல வழி இல்லை. தகட்டில் 14 மில்லிமீற்றர் சதுரத் துளைகள், ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு 19.05 மில்லிமீற்றர், தகட்டின் தடிப்பு 1.5 மில்லிமீற்றர். ஐந்து வரிசை, பதினான்கு நிரல் என்றால் எழுபது விசைகளுக்குப் பத்தொன்பது கம்பிகள் போதும். இந்தக் கம்பிகளை ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் முனைகளில் இணைக்க வேண்டும். புரோ மைக்ரோ என்ற பலகையில் வழக்கமாகக் கிடைக்கும் பதினெட்டு முனைகள் இதற்கு ஒன்று குறைவு. ராஸ்பெரி பை பிக்கோவில் 26 இருக்கின்றன, ஆகவே அதையே எடுங்கள்.

ஒவ்வொரு விசைக்கும் மின்னை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4148 டயோட் ஒன்று. அதை விட்டுவிட்டால், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலை விசைகளை ஒன்றாக அழுத்தும்போது அழுத்தாத நான்காவதும் பதியும். டயோட்டின் கறுப்புக் கோடு எல்லாவற்றிலும் ஒரே பக்கம் இருக்கட்டும். 63 வீதம் வெள்ளீயமும் 37 வீதம் ஈயமும் கலந்த பற்று ஈயம் 183 பாகையில் உருகும். ஈயம் உருக்கும் கருவியை 330 பாகை அளவில் வைத்து இரண்டு மூன்று செக்கன்களில் எடுத்துவிடுங்கள். யன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மாங்குளம் ஓடாவியாரிடம் மரத்தில் அடிப்பெட்டி செய்விக்க எண்ணுகிறேன். எந்த மரம்?

முதிரை. பாலையும் உறுதிதான், ஆனால் உளி வைப்பவருக்குச் சிரமம். புது மரம் வேண்டாம். கோடையில் வற்றி மாரியில் ஊதும் நம் நாட்டுக் காலநிலையில் பச்சை மரம் நெளிந்துவிடும். பழைய வீடொன்றின் யன்னல் நிலையைத் தேடுங்கள். பல ஆண்டுகள் காய்ந்த மரம் அடங்கிவிட்ட மரம். 60 வீதச் சேர்க்கிட் பலகை ஏறத்தாழ 285 மில்லிமீற்றர் நீளம், 95 மில்லிமீற்றர் அகலம். சுற்றிலும் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விடச் சொல்லுங்கள். திருகாணியை நேரே மரத்தில் இறக்காமல் பித்தளை மரையைப் பதித்து அதில் பூட்டினால் எத்தனை முறையும் கழற்றலாம். ஓடாவியாரிடம் அளவைக் காகிதத்தில் கொடுக்காதீர்கள், பலகையையே கையில் கொடுங்கள்.