பூஸ்ட் விட்டு விட்டு வரும் ஆர்எக்ஸ்-7: வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் நான், தனி நபர் ஒருவரிடமிருந்து 1993ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரை வாங்க எண்ணியுள்ளேன். ஓட்டிப் பார்த்தபோது, முதல் முறை ஆக்சிலரேட்டரை முழுவதுமாக அழுத்தியதும் 4,500 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவை அற்றுப்போனது. சற்று நேரம் கழித்து மீண்டும் அழுத்தியபோது எந்தக் குறையும் இன்றிச் சீறிப் பாய்ந்தது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. “ஒரு சின்ன ஹோஸ்தான், ஐந்து டாலர் விஷயம்” என்கிறார் விற்பவர். நம்பலாமா? பின்னர் பெரிய பழுது என்று தெரியவந்தால் அவரிடம் ஈடு கேட்க முடியுமா?

பதில்: விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. இந்தக் காரில் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் கூடுதல் காற்றழுத்தம், விட்டு விட்டு வருவதற்கு வெடித்த ரப்பர் ஹோஸோ, சரியாக அடைக்காத ஒருவழி வால்வோ காரணமாக இருப்பது மிகவும் வழக்கம். ஆனால் எந்த ஹோஸ் என்பதை அவர் சொல்லவில்லையே! அது தெரிந்திருந்தால், காரை விற்பனைக்கு வைக்கும் முன்பே ஐந்து டாலரைச் செலவழித்து மாற்றியிருப்பார்.

பிஸ்டன்களுக்குப் பதில் முக்கோண ரோட்டர்கள் சுழலும் இந்த 13பி-ஆர்இடபிள்யூ ரோட்டரி இன்ஜினில் இரண்டு டர்போக்கள் இருந்தாலும், இரண்டும் எப்போதும் ஒருசேர உழைப்பதில்லை. தாழ்ந்த சுழற்சியில் முதல் டர்போ மட்டுமே காற்றை அழுத்துகிறது. 4,500 ஆர்பிஎம்மை நெருங்கும்போது, இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கு இரண்டாவது டர்போவுக்குத் திருப்பப்பட்டு அது முன்கூட்டியே சுழலவிடப்படுகிறது. அதுவரை அது தள்ளும் காற்று இன்ஜினுக்குள் புகாமல் ஒரு வால்வு வழியே வெளியே விடப்படுகிறது. 4,500இல் அந்த வால்வு மூடிக்கொள்ள, வேறொரு வால்வு திறந்து, இரண்டும் கூட்டாக அழுத்தத் தொடங்குகின்றன. இந்த வால்வுகளை அசைப்பவை மோட்டார்கள் அல்ல. மெல்லிய ஹோஸ்கள் வழியே வரும் காற்றழுத்தமும் வெற்றிடமும்தான். அந்த ஹோஸ்களைத் திறந்து மூடும், மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வுகளும், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் சிறு தொட்டிகளும் இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுப்பான இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், டர்போக்களின் அனலில் வெந்துகொண்டு கிடக்கின்றன. முப்பது ஆண்டு வெந்த ரப்பர் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஹோஸ் மலிவுதான், அதை அடைய மேல் மேனிஃபோல்டைக் கழற்றியாக வேண்டும், கழற்றும்போது காய்ந்துபோன மின் இணைப்பிகள் கையோடு நொறுங்கும்.

ஆகவே எதையும் கழற்றும் முன், குறை எந்தச் சுழற்சியில் தலைகாட்டுகிறது என்று குறித்துக்கொள்வதே முதல் வேலை. அமெரிக்க மாடலில் பூஸ்ட் கேஜ் கிடையாது. நம்பகமான ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தச் சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ள, மாற்றியமைக்கப்படாத காரில் முள் முதலில் 10 பிஎஸ்ஐ வரை ஏறும். 4,500இல் ஏறக்குறைய 8க்கு இறங்கும். உடனே மீண்டும் 10க்குத் திரும்பும். தொடக்கத்திலேயே 10ஐ எட்டவில்லை என்றால், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் இணைப்புகளில் கசிவோ, இரண்டாவது டர்போவின் பாதையை அடைத்து நிற்க வேண்டிய வால்வு முழுவதுமாக மூடாததோ காரணமாகலாம். தொடக்கம் சரியாக இருந்து 4,500க்கு மேல் மட்டும் முள் சரிந்தால், இரண்டாவது டர்போவை அழைத்துவரும் ஏற்பாட்டில்தான் கோளாறு. தாங்கள் சொல்வது இந்த வகை. முதல் முறை வராமல் அடுத்த முறை வருவதால், தொட்டியில் சேமிப்பு நிற்காமல் கசிகிறதோ என்று நான் முதலில் ஐயப்படுவேன். அதாவது ஒருவழி வால்வு, தொட்டி, அவற்றை இணைக்கும் ஹோஸ்கள். சூடேறிய பின் மட்டும் செயலிழக்கும் சோலனாய்டும் இதே நாடகத்தை ஆடக்கூடும் என்பதால், கார் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறையும் அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஒரு முறையும் பார்க்க வேண்டும். பொதுச் சாலையில் இதற்காக வேக வரம்பை மீற வேண்டாம். டைனோ (காரை நின்ற இடத்திலேயே ஓட்டி இன்ஜினின் சக்தியை அளக்கும் கருவி) வைத்திருக்கும் பட்டறையில் பாதுகாப்பாகவும் துல்லியமாகவும் பார்க்கலாம்.

முள் அசையாமல் 10இல் நிற்க, கார் மட்டும் திக்கித் திணறினால் அது பூஸ்ட் கோளாறே அல்ல. ஸ்பார்க் பிளக், காயில், எரிபொருள் ஃபில்ட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டிய இடம் அது. இதை அறியாமல் டர்போவையே மாற்றியவர்கள் உண்டு.

எச்சரிக்கை விளக்கு எரியாததில் ஆறுதல் கொள்ள வேண்டாம். சோலனாய்டுக்கு மின்சாரம் போகிறதா என்பதைத்தான் அந்தக் காலத்துக் கணினி கவனிக்கும். அதன் மேலுள்ள ஹோஸ் கழன்று தொங்குவது அதற்குத் தெரியாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கம்ப்ரஷன் சோதனை, அதாவது ரோட்டர்கள் காற்றை எவ்வளவு அழுத்துகின்றன என்று அளப்பது. பூஸ்ட் குறைந்தால் இன்ஜினுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை, கூடினால்தான் ஆபத்து. முந்தைய உரிமையாளர் தடையற்ற சைலன்சரைப் பொருத்தியிருந்தால், பூஸ்ட் வரம்பு மீறாமல் பார்த்துக்கொள்ளும் இந்தக் காரின் சிறிய வேஸ்ட்கேட் வால்வு சமாளிக்க இயலாமல், குறிப்பாகக் குளிர்ந்த இரவுகளில், அழுத்தம் தானாகவே மேலேறும். அதற்கேற்ற எரிபொருள் கிடைக்காதபோது டெட்டனேஷன் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்தெரிவது) ஏற்பட்டு, ரோட்டரின் முனைகளில் காற்று கசியாமல் அடைக்கும் ஏபெக்ஸ் சீல்கள் உடையும். பிறகு இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை. சாதாரண கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் அதிகமானதை மட்டுமே காட்டும். மூன்றையும் தனித்தனியே காட்டும் ரோட்டரிக்கான கருவியால், இன்ஜின் சூடாக இருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். 250 ஆர்பிஎம்முக்குச் சரிசெய்த அளவு ஒவ்வொரு முகத்திலும் 100 பிஎஸ்ஐக்குக் குறையக் கூடாது. முகங்களுக்கிடையே பெரிய வேறுபாடும் இருக்கக் கூடாது. இந்தச் சோதனைக்கு விற்பவர் மறுத்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்க வேண்டாம்.

ஈடு கேட்பதைப் பற்றி: பயன்படுத்திய கார்களின் கண்ணாடியில் வாங்குவோர் குறிப்பு ஒட்ட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி டீலர்களுக்கு மட்டுமே பொருந்தும். தனி நபர் விற்கும் கார் பொதுவாக உள்ளது உள்ளபடியே கைமாறுகிறது. அவர் உறுதியாகச் சொன்ன ஒரு விவரம் பொய்யானால் வழக்குக்கு இடமுண்டு என்றாலும், வாய்ச்சொல்லை மெய்ப்பிப்பது கடினம். “ஹோஸ்தான் என்று நினைக்கிறேன்” என்பது உறுதிமொழியும் ஆகாது. எனவே இன்ஜின் எப்போது பிரித்துக் கட்டப்பட்டது, எந்தெந்தப் பாகங்கள் மாற்றப்பட்டன என்பவற்றை விற்பனைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால், எல்லா ஹோஸ்களையும் சிலிக்கோனுக்கு மாற்றி, சோலனாய்டுகளையும் ஒருவழி வால்வுகளையும் சோதிக்க ரோட்டரி வல்லுநர் ஒருவரிடம் எழுத்துப்பூர்வ மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகை முழுவதையும் விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: நான் பார்த்த இன்னொரு ஆர்எக்ஸ்-7 காரில் ஹோஸ்களில் பெரும்பாலானவற்றை அகற்றிவிட்டு, இரண்டு டர்போக்களும் எப்போதும் சேர்ந்தே இயங்கும்படி மாற்றியுள்ளனர். தொல்லை விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தொல்லை பெருமளவு குறையும், ஆனால் தாழ்ந்த சுழற்சியில் முன்பிருந்த சுறுசுறுப்பும் குறைந்துவிடும். நகருக்குள் ஓட்டுபவருக்கு இது தினந்தோறும் உறுத்தும். சில மாநிலங்களில் புகைச் சோதனையின்போது அகற்றப்பட்ட பாகங்கள் சிக்கலாகவும் கூடும். கழற்றிய பாகங்கள் ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் அந்தக் காரைப் பரிசீலிக்கலாம். தூக்கி எறிந்துவிட்டார்கள் என்றால், பழைய நிலைக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டு விலை பேசுங்கள்.